அந்நியர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பில் பேசப்போகிறேன் என்று சொன்னதும் வாசலிலேயே ஒரு தோழர் நிறுத்திக் கேட்டார். "நம்ம ஊர்ல சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, பஞ்சமி நிலம் கைக்கு வரல. நீங்க வெளிநாட்டுக்காரன் சட்டத்தைப் பத்திப் பேச வந்துட்டீங்களே?" என்றார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே பேசலாம். ஏனென்றால் சட்டம் வெளிநாட்டுக்காரன் என்று சொல்லுகிற ஆட்களில் பெரும் பங்கு நம் ஆட்கள். நம் சேரிகளிலிருந்து போனவர்களுடைய பேரன் பேத்திகள்.

முதலில் சட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். 2025 மார்ச் 11 அன்று குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் மசோதாவை உள்துறை இணை அமைச்சர் நித்யானந்த் ராய் மக்களவையில் கொண்டுவந்தார். மார்ச் 27-இல் மக்களவை நிறைவேற்றியது. ஏப்ரல் 2-இல் மாநிலங்களவை. ஏப்ரல் 4-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். செப்டம்பர் 1 முதல் நடைமுறை. நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, அனுப்பவில்லை. நான்கு பழைய சட்டங்களை எடுத்துவிட்டு ஒன்றாக்குகிறோம், காலனியச் சட்டங்களைத் தூக்கி எறிகிறோம் என்பது அரசு சொன்ன காரணம். 1920-ஆம் ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம், 1939-ஆம் ஆண்டு அயல்நாட்டார் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டம் மூன்றும் வெள்ளைக்காரன் போட்டவை. நான்காவது 2000-ஆம் ஆண்டு நம் ஆட்களே போட்டது.

சரி, காலனியத்தை எறிந்துவிட்டார்களா என்று உள்ளே போய்ப் பார்த்தால், எறிந்தது பெயரை மட்டும்தான். 1946 சட்டத்தின் உயிர்நாடி ஒன்று இருந்தது. ஒருவர் அயல்நாட்டவரா இல்லையா என்று கேள்வி வந்தால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்த ஆள்தான். அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. சாதாரணமாக ஒரு திருட்டு வழக்கில்கூட நீ திருடினாய் என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே தலைகீழ். 1946-இல், யுத்தம் முடிந்த கையோடு, வெள்ளைக்கார அரசு எழுதிவைத்த அந்த வாசகம் புதிய சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம், இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று உத்தரவு போடலாம் என்கிற அதிகாரமும் அப்படியே இருக்கிறது.

கூடச் சேர்த்தவையும் இருக்கின்றன. செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். போலி ஆவணம் என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு, அபராதம் பத்து லட்சம் வரை. விசாக் காலம் முடிந்தும் தங்கினால் மூன்றாண்டு வரை. கல்லூரியும் மருத்துவமனையும் தங்கள் இடத்துக்கு வரும் அயல்நாட்டவர் பற்றி அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஒருவரை உள்ளே விடலாமா கூடாதா என்பதில் குடியேற்ற அதிகாரி சொன்னதே முடிவு, அதற்கு மேல்முறையீடு என்று சட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. தலைமைக் காவலர் பதவிக்குக் குறையாத எந்தப் போலீஸ்காரரும் சந்தேகத்தின் பேரில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம்.

தலைமைக் காவலர் என்றால் யார்? நம் ஊர் ஏட்டய்யா. ஏட்டய்யாவின் சந்தேகம் யார் மேல் விழும் என்று சேரியில் பிறந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிரூபி, நிரூபி என்பது நமக்குப் பழக்கமான பாட்டு. நத்தம் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவன் பட்டா கேட்டால் நீ இங்கேதான் இருந்தாய் என்று நிரூபி என்கிறான். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டால் நீ பறையன்தான் என்று நிரூபி என்கிறான். தெருவுக்குள் வரவிடாமல் நிறுத்தும்போது மட்டும் எவனும் சான்றிதழ் கேட்டதில்லை. காகிதம் நம் கையில் சேராதபடி பார்த்துக்கொண்ட ஒரு சமூகம், காகிதம் எங்கே என்று கேட்கிறது. எனவே ஆதாரச் சுமையை ஆள் மேல் சுமத்துகிற எந்தச் சட்டமும், அது யாரைக் குறிவைத்து எழுதப்பட்டாலும், கடைசியில் காகிதம் இல்லாதவன் தலையில்தான் இறங்கும். அசாமில் பார்த்தோம். 2019 ஆகஸ்ட் 31-இல் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் இல்லை. 2025-இல் டெல்லியிலும் அரியானாவிலும் வங்காள மொழி பேசுகிற கூலித் தொழிலாளிகளைப் பிடித்து வங்கதேசத்தவர் என்றார்கள். சிலரை எல்லைக்கு அப்பாலேயே தள்ளினார்கள். மேற்கு வங்கத்துக் குடும்பங்களைத் திருப்பிக் கொண்டுவா என்று அந்த செப்டம்பரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் உத்தரவு போடவேண்டி வந்தது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் யார்? 1820-களில் காப்பித் தோட்டத்துக்கு, பிறகு தேயிலைக்கு. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துப் பறையர், பள்ளர், அருந்ததியர்தான் அதில் பெரும்பகுதி. தாது வருஷப் பஞ்சத்தில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். பஞ்சம் மட்டும் காரணம் என்று எழுதுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். பண்ணையடிமையாகக் கிடந்தவனுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூலி இருக்கிறது என்ற சேதியே விடுதலைச் சேதிதான். போனபிறகு அங்கேயும் கங்காணி. கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரன். ஊரில் இருந்த சாதியை லயத்துக்குள் கொண்டுபோய் வைத்தான்.

அங்கே 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் பேரில் எவ்வளவு கடன் என்று எழுதின சீட்டு. அந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று தோட்டத்துரை கொடுப்பது. துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் வேலை கிடையாது. ஆளைவிடச் சீட்டுதான் முக்கியம். 1921-இல்தான் அதை ஒழித்தார்கள். குடியேற்றக் கட்டுப்பாடு என்று இன்று புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதை நம் பாட்டன்மார் கடன் சீட்டு வடிவத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இராமேசுவரம் போகிற வழியில் மண்டபம் முகாம் இருக்கிறது இல்லையா, இன்று இலங்கை அகதிகள் இருக்கும் முகாம். அது தொடங்கியது அகதிகளுக்காக இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை ஏற்றுவதற்கு முன்பு நோய்த் தடுப்புக் காவலில் வைத்துச் சோதிக்க இலங்கை அரசு நடத்திய இடம் அது. பாட்டனைக் கூலியாக அனுப்பிய அதே இடத்தில் பேரனை அகதியாக இறக்கியிருக்கிறார்கள். எதற்கும் கவிதை எழுதுகிறவர்கள் இதற்கு ஏன் எழுதவில்லை என்று நான் யோசித்ததுண்டு.

1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த சில மாதங்களிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். நான் உன் நாட்டில் பிறந்தவன், என் அப்பனும் இங்கே பிறந்தவன் என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது, லயத்தில் பிறந்தவனிடமா? பாருங்கள், 1946-இல் டெல்லியில் எழுதியதும் 1948-இல் கொழும்பில் எழுதியதும் ஒரே தந்திரம்.

பிறகு 1964 அக்டோபர் 30. சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து தலைக்கணக்குப் போட்டார்கள். மொத்தம் 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தார்கள். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாட்டைப் பிரிக்கும்போதுகூட கன்றைத் தாயோடு விடுவார்கள். இங்கே அண்ணன் இந்தியன், தம்பி இலங்கையன். அந்த மக்களில் ஒருவரைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றாததற்கு அவர்கள் கூலிகள் என்பது ஒரு காரணம். தீண்டத்தகாதவர்கள் என்பதும் காரணம். அதைச் சொல்லாமல் எழுதப்படுகிற ஈழ வரலாறு எனக்கு முழுமையானதாகப் படவில்லை.

ஒப்பந்தத்தின்படி காகிதத்தோடு கப்பலில் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களை நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்தில், டேன்டீயில், மறுபடியும் லயத்தில் வைத்தார்கள். பலர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டப் போனார்கள், கர்நாடகத்தில் சுள்ளியா ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். சாதிச் சான்றிதழ் கேட்டால் பூர்வீக ஊரைக் காட்டு என்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன ஊர்.

ஒப்பந்தத்தின் வேலை பாதியில் நின்றது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்கள், 1983-க்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் படகேறி வந்தார்கள். 1984-இல் தலைமன்னார் கப்பலும் நின்றுவிட்டது. இவர்களில் இந்தியக் குடியுரிமைக்கு ஏற்கனவே விண்ணப்பித்திருந்தவர்கள் உண்டு. கப்பலில் வந்திருந்தால் இந்தியன். படகில் வந்ததால் அகதி. அகதி என்று நாம் சொல்கிறோம், இந்தியச் சட்டத்தில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2003-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, செல்லுபடியாகும் பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் எல்லாம் 'சட்டவிரோதக் குடியேறி' என்று எழுதினார்கள். அந்தப் பட்டம் விழுந்தவருக்கு எத்தனை ஆண்டு இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழி கிடையாது.

இது ஒரு வீட்டுக்குள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குத் தாய் தந்தையில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்கும் பிறகு பிறந்தவருக்கு ஒருவர் இந்தியர் என்பது மட்டும் போதாது, இன்னொருவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. ஆகவே முகாமில் 1986-இல் பிறந்த அக்கா இந்தியர். 1989-இல் பிறந்த தம்பி இந்தியர் இல்லை. 1986-இல் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போய்த்தான் கடவுச்சீட்டு வாங்கினார். பக்கத்துச் சேரிப் பையன் முகாம் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவன் இந்தியன், வாக்காளர், பறையர் சான்றிதழ் உள்ளவன். அவர்களுக்கு இன்று பிறக்கிற பிள்ளை சட்டத்தின் கண்ணில் இந்தியர் இல்லை. சேரியில் பிறந்த பிள்ளையைச் சேரிக்கே அந்நியம் ஆக்குகிற சட்டம் இது. வாசலில் கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில்.

நான் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த காகிதங்களை எடுத்து விரித்தார். தோட்டத்துப் பிரசாவுரிமை விண்ணப்பத்தின் ரசீது, மடித்து மடித்து நான்கு துண்டாகிவிட்டது. "எங்க தாத்தா தொறையூரு பக்கந்தான் தம்பி. ஊருக்குப் போனா எந்தத் தெருவுக்குப் போகணும்னு எனக்குத் தெரியும்" என்றார். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே ஆள் எண்ணுகிற நாள். வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைத்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருந்தால் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். உதவித்தொகை, படிப்பு, 2021-க்குப் பிறகு புது வீடுகள். முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரும் மாற்றினார்கள். முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், வெளியே பதிவுசெய்து வாழ்கிறவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். பெயர் மாறினாலும் கியூ பிராஞ்ச் மாறவில்லை. கேள்வி இல்லாமல் அடைத்து வைக்கிற 'சிறப்பு முகாம்' 1990-களிலிருந்து இருக்கிறது. வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூவிருந்தவல்லி என்று மாறி இப்போது திருச்சியில், மத்திய சிறை வளாகத்துக்குள். தண்டனை முடிந்தவனையும் பிணை கிடைத்தவனையும் கொண்டுவந்து போடுகிறார்கள். 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் விடுதலை செய்த சாந்தன், சிறையிலிருந்து நேராக அங்கேதான் அனுப்பப்பட்டார். ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்து, 2024 பிப்ரவரி 28-இல் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். சிறப்பு முகாமுக்கு ஆதாரமாக இருந்தது 1946 சட்டத்தின் ஒரு உட்பிரிவு. எத்தனை நாள் வைக்கலாம் என்று அதில் வரம்பு கிடையாது. புதிய சட்டமும் வரம்பு வைக்கவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனை பொருந்தாது என்றார்கள். நம் நண்பர்கள் சிலர் இனிப்பு கொடுத்தார்கள். நல்லதுதான், ஜெயிலுக்குப் போகாமல் இருப்பது நல்லதுதானே. ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை அல்ல. சட்டவிரோதக் குடியேறி என்கிற வார்த்தை குடியுரிமைச் சட்டத்தில் அப்படியே நிற்கிறது. ஆணை போட்ட கை ஆணையைத் திரும்பப் பெறவும் முடியும். அந்தத் தேதியையும் கவனியுங்கள். மைத்திரிபால சிறிசேன கொழும்பில் பதவியேற்ற நாள் அது. அதோடு இலங்கையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று டெல்லி கணக்குப் போட்டிருக்கும் போல. 2022-இல் அரிசியும் பால்மாவும் இல்லாமல் கைக்குழந்தைகளோடு அரிச்சல்முனை மணல்திட்டில் வந்து இறங்கினார்களே, அவர்கள் அந்தத் தேதிக்கு இந்தப் பக்கம். அவர்களுக்கு விலக்கு இல்லை.

அதே நேரத்தில் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தானிலிருந்து 2024 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்கு விலக்கு. முஸ்லிம் இல்லை. 2019 திருத்தச் சட்டத்தின் பட்டியல் அது. இலங்கையையும் அந்தப் பட்டியலில் சேர் என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மதம் பார்த்துக் கதவு திறக்கிற வீட்டில் சாதி பார்த்து உட்காரவைப்பார்கள். அந்த வீட்டுத் திண்ணையில் நாம் இடம் கேட்க வேண்டாம்.

"இந்தியா தர்மசத்திரம் இல்லை" என்று மசோதா விவாதத்தில் அமித் ஷா சொன்னார். அந்த மே மாதம், ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி திபாங்கர் தத்தாவும் அதே வார்த்தையைச் சொன்னார். சத்திரம் கட்டின கதை நமக்குத் தெரியும். எந்தச் சத்திரத்தில் நம்மை உள்ளே விட்டார்கள்? நாங்கள் கேட்பது சோறு போடு என்பதல்ல. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது உன் பிரதமர், அதைப் பாதியில் விட்டது நீ, மீதியை முடி என்கிறோம். 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் வழக்கில், இவர்கள் நம் மண்ணில் வேர் உள்ளவர்கள், குடியுரிமை விண்ணப்பத்தை வாங்கிப் பரிசீலியுங்கள் என்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் சொன்னதைச் சட்டமாக்குவதில் என்ன தடை?

நாட்டுக்குள் யார் வருகிறார் என்று அரசு பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடத்தல்காரன் வருவான், உளவாளி வருவான், பார்க்கட்டும். பார்க்கிற முறையைப் பற்றித்தான் சண்டை. குடியுரிமை பற்றிய உறுப்புகளை 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் வைத்தபோது, வரைவுக் குழுவுக்கு இவ்வளவு தலைவலி கொடுத்தது வேறெதுவும் அநேகமாக இல்லை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னார். தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 14-ஆம் உறுப்பிலும் 21-ஆம் உறுப்பிலும் 'குடிமகன்' என்ற சொல் இல்லை, 'நபர்' என்றுதான் இருக்கிறது. சட்டத்தின் முன் சமத்துவமும் உயிரும் சுதந்திரமும் இந்த மண்ணில் நிற்கிற எவருக்கும் உண்டு. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் உச்சநீதிமன்றமே அதைச் சொன்னது.

எனவே திருத்தம் கேட்போம். அகதி என்கிற சொல்லை முதலில் சட்டத்துக்குள் கொண்டுவரட்டும். 2015-இல் சசி தரூர் தனிநபர் மசோதாவாகத் தஞ்சச் சட்டம் ஒன்றை மக்களவையில் வைத்தார். அது சட்டமாகவில்லை, எடுத்துப் படித்து விவாதிக்கலாம். பல ஆண்டு பதிவோடு இங்கே வாழ்கிறவரை நோக்கி நீ யார் என்று கேட்டால், சந்தேகத்தை நிரூபிக்கிற வேலை அரசுடையதாகட்டும். ஏட்டய்யாவுக்குக் கொடுத்த கைது அதிகாரத்தைத் திரும்ப வாங்கட்டும். அடைத்து வைத்தால் நாள் கணக்கு வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும், மேல்முறையீடு வேண்டும். மலையக வம்சாவளியினருக்கு 1964 கணக்கின்படியே குடியுரிமை, அதோடு பட்டியல் சாதிச் சான்றிதழும். இதைக் கடைசியாகச் சொல்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். குடியுரிமை கிடைத்த பிறகு, நீ எந்தச் சாதி என்று நிரூபி என்று இன்னொரு இருபது வருஷம் ஓட்டுவார்கள். சுள்ளியாவில் ஓட்டினார்கள். ஈழப் பிரச்சினையில் சாதியைக் கொண்டுவராதீர்கள் என்று தமிழ்த் தேசிய நண்பர்கள் கோபிப்பார்கள். சாதியைக் கொண்டுவந்தது கங்காணி. அவனைக் கோபித்துக்கொள்ளட்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. முகாம்களில் பெட்டிக்கடியில் காகிதங்கள் இருக்கின்றன. பிரசாவுரிமை விண்ணப்ப ரசீது, தோட்டத்துப் பதிவேட்டு நகல், பிறப்புப் பத்திரம், குடும்ப அட்டை. கரையான் தின்பதற்குள் அவற்றைப் படியெடுக்க வேண்டும். பாட்டிமார் சொல்கிற ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஊர்களில் நம் தோழர்கள் இருக்கிறார்கள். துறையூர்ப் பக்கத்துச் சேரியில் போய்க் கேட்டால், கண்டிக்குப் போன குடும்பம் எது என்று சொல்ல ஒரு கிழவனோ கிழவியோ இன்னும் இருப்பார்கள். இந்த விடுமுறையில் எத்தனை பேர் வரமுடியும் என்று, கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.